முதலில் பம்பைப் பாருங்கள், பிறகு மேனிஃபோல்டை வாங்குங்கள்

போமன் மாமாவின் வொர்க்‌ஷாப் சுவரில் இன்றைக்கும் இரண்டு இன்டேக் மேனிஃபோல்டுகள், அதாவது காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொண்டுபோகும் குழாய்கள், ஆணியில் தொங்குகின்றன. ஒன்று வார்ப்பு அலுமினியம், மற்றது இரும்புக் குழாயை வெட்டி வெல்டு வைத்துச் செய்தது. இரண்டையும் என் காடியில் மாட்டிப் பார்த்து, கழற்றிக் கொண்டுபோய் அங்கே தொங்கவிட்டேன். மூன்றாவதுதான் இப்போது எஞ்சினில் இருக்கிறது. பழைய டீசல் காடிக்கு டர்போ (எஞ்சின் புகையின் வேகத்தில் சுழன்று காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) போட நினைக்கும் யாராவது இதைப் படித்துவிட்டு முதல் இரண்டையும் தாண்டி நேராக மூன்றாவதுக்குப் போனால், அந்த எட்டு மாத அலைச்சலுக்கு ஒரு பயன் கிடைத்தது என்று எடுத்துக்கொள்வேன்.

காடி என் அப்பாவுடையது. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் 59ஆம் எண் சாலையில் இருபது வருடத்துக்கு மேல் வெளியூர் டாக்சி ஓட்டியவர். டாக்சியை விட்ட பிறகு தனக்கென்று வாங்கியது இந்த 1977 மெர்சிடிஸ் 240டி. டபிள்யூ 123 உடம்பு, ஓஎம் 616 எஞ்சின், நான்கு சிலிண்டர், 2,404 சிசி, 65 குதிரைசக்தி. காடியின் எடை சுமார் 1,400 கிலோ. தாப்பா டவுனுக்குள் ஓட்ட அது போதும். ஆனால் என் தங்கை ரிங்லெட்டில் வாக்கப்பட்டிருக்கிறாள்; மாதம் இரண்டு முறையாவது ஏற வேண்டும். லாத்தா இஸ்கண்டார் அருவியைத் தாண்டினால் இரண்டாம் கியர்தான். பின்னால் காலி லாரிகள் வரிசையாக ஒட்டிக்கொண்டு வரும். தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே காற்றழுத்தமே கீழே இருப்பதைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் மேலே போகப் போக மூச்சு வாங்குவதற்குக் காரணம் அதுதான். அப்பாவின் காடியை விற்க மனம் வரவில்லை, எஞ்சினை மாற்றவும் மனம் வரவில்லை. அதனால் டர்போ.

நான் செம்பனை ஆலையில் ஃபிட்டர். நீராவிக் குழாய்க்குக் கேஸ்கட் வெட்டியே பழகிய கை. காற்றுக் குழாய்தானே, இதில் என்ன இருக்கிறது என்று நினைத்துத்தான் இறங்கினேன்.

டர்போவைத் தேடுவதில் சிரமம் இருக்கவில்லை. பாதியாக வெட்டிய பழைய காடிகளை விற்கும் ஹாஃப்-கட் கடைகளில் மிட்சுபிஷி 4டி56 எஞ்சின்கள் நிறைய வரும். அதுவும் ஏறக்குறைய இரண்டரை லிட்டர் டீசல், அதில் இருக்கும் டிடி04 டர்போ என் எஞ்சினின் அளவுக்குப் பொருந்தும். அச்சைப் பிடித்து ஆட்டிப் பார்த்து, சக்கரத்தின் இதழ்கள் உடையாமல் இருந்த ஒன்றை எடுத்தோம். டர்போவுக்கு அழுத்தத்தோடு எஞ்சின் ஆயில் போக வேண்டும், திரும்பி வரும் குழாய் பெரியதாக, எங்கும் வளைந்து தொங்காமல் நேராக எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்புக்கு இறங்க வேண்டும். அதைப் பற்றிப் பலரும் சொல்லியிருக்கிறார்கள், நான் நீட்டவில்லை. காடியில் இப்படி மாற்றம் செய்வதற்கு சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் அனுமதி வேண்டும் என்பதையும் முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்த பிறகு கேட்கப் போனால் சிக்கல்.

மேனிஃபோல்டைப் பற்றி முதல் நாளே மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னோம். எஞ்சினில் இருப்பதையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். போலிடெக்னிக்கில் படிக்கும் அக்கா மகன், “மாமா, பெருசா ஒரு டப்பா வெச்சு நாலு குழா இறக்கிடுவோம். காத்து நிறைய போவும்லா” என்றான். போமன் மாமா எஞ்சினை எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: “தம்பி, ஒன் காடியில எண்ணெய யாரு அளக்குறா?”

அந்தக் கேள்வியின் கனம் எனக்கு அப்போது புரியவில்லை. சிலிண்டருக்கு டீசலை அனுப்பும் பம்புதான் அளக்கிறது என்று பதில் சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்துவிட்டேன்.

பெட்ரோல் எஞ்சினில் மிதியை அழுத்தினால் காற்றின் கதவு திறக்கும், காற்றுக்கு ஏற்ப எண்ணெய் போகும். டீசலில் பொதுவாக அந்தக் கதவே கிடையாது. எஞ்சின் எப்போதும் இழுக்க முடிந்த அளவு காற்றை முழுதாக இழுத்துக்கொண்டே இருக்கும். கூட்டிக் குறைப்பது எண்ணெயை மட்டும்தான். ஆனால் என்னுடையது போன்ற பழைய ஓஎம் 616-இல் இன்டேக் வாயில் ஒரு தட்டு இருக்கிறது. மிதியை அழுத்தினால் திறப்பது அந்தத் தட்டுதான். அது காற்றைக் குறைக்க வைத்ததல்ல. தட்டு இருக்கும் இடத்தில் குழாய் இடுப்புப்போலச் சிறுத்திருக்கும், அங்கே காற்று வேகமாக ஓடும்போது ஓர் இழுவிசை உண்டாகும். அங்கிருந்து ஒரு சின்னக் குழாய் பம்பின் பின்பக்கத்துக்குப் போகிறது. அதற்குள் ஒரு சவ்வு. இழுவிசை கூடினால் சவ்வு இழுபட்டு எண்ணெயைக் குறைக்கும், இழுவிசை குறைந்தால் ஸ்பிரிங் தள்ளி எண்ணெயைக் கூட்டும். எஞ்சின் வரம்பு மீறிச் சுற்றாமல் பிடித்து நிறுத்துவதும் அதே இழுவிசைதான். வேக்குவம் கவர்னர் என்பது இதுதான். அந்த எஞ்சினில் மேனிஃபோல்டு காற்றுக் குழாய் மட்டுமல்ல, பம்பின் மூக்கும் அதுதான்.

நான் அந்த மூக்கின் வாயில் டர்போவின் குழாயை மாட்டினேன்.

ஐடிலில் ஒன்றும் தெரியவில்லை. தட்டு மூடியிருந்தால் அதற்குப் பின்னால் இழுவிசை இருக்கத்தானே செய்யும். மேட்டில் மூன்றாம் கியரில் காடி எகிறிப் போனது. அப்பா இதைப் பார்க்க இல்லையே என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன். மேடு முடிந்து சாலை சமமானதும் எஞ்சினின் சத்தம் மாறியது. மிதி முழுதாக அழுந்தியிருந்தது. வழக்கமாக ஒரு கட்டத்தில் எஞ்சின் தானே அடங்கி நிற்கும். அன்று அடங்கவில்லை, ஏறிக்கொண்டே போனது. காலை எடுத்ததும் தட்டு மூடி, இழுவிசை திரும்பி, கீழே வந்தது. அந்த இரண்டு மூன்று விநாடி சத்தத்தை நான் மறக்க மாட்டேன். டர்போ அழுத்தம் கொடுக்கும்போது தட்டு இருக்கும் இடத்தில் இழுவிசை இல்லை, அழுத்தம்தான் இருக்கிறது. சவ்வுக்கு அது ‘எண்ணெய் போதவில்லை’ என்ற செய்தி. எஞ்சின் வேகமாகச் சுற்றச் சுற்ற அழுத்தமும் கூடும், எண்ணெயும் குறையாது.

காடியை ஓரமாக நிறுத்திவிட்டு மாமாவுக்குப் போன் போட்டேன். “அதுக்குத்தான் தம்பி அன்னிக்குக் கேட்டேன்” என்றார். கோபப்படவில்லை.

தட்டை டர்போவுக்கு முன்னால் வைத்தால் என்ன என்று ஒருவர் யோசனை சொன்னார். அப்போது இழுவிசை திரும்பும், உண்மை. ஆனால் தட்டு மூடும்போதெல்லாம் டர்போவின் காற்றுச் சக்கரமே அந்த இழுவிசைக்குள் உட்கார்ந்திருக்கும். அச்சின் சீல் உள்ளிருந்து வரும் அழுத்தத்தைத் தடுக்கச் செய்தது, இழுவிசையை அல்ல. அது எஞ்சின் ஆயிலைக் காற்றோடு இழுத்து சிலிண்டருக்குள் விடும். டீசல் எஞ்சினுக்கு ஆயிலும் எரிபொருள்தான். அப்படிக் கிடைக்கும் ஆயிலில் ஓட ஆரம்பித்தால் சாவியைத் திருப்பினாலும் நிற்காது. காற்று வாயைப் பலகை வைத்து அடைத்தால்தான் நிற்கும். (கையால் ஒருபோதும் அடைக்காதீர்கள்.) அந்த வழியை நாங்கள் முயலவே இல்லை. ஆனால் அன்றிலிருந்து காடிக்குள் ஒரு சதுரப் பலகை கிடக்கிறது.

ஆக, பம்பை மாற்ற வேண்டும் என்றாகிவிட்டது. இதே எஞ்சினின் பிந்தைய வகைகளில் கவர்னர் பம்புக்குள்ளேயே இருக்கும், சுழலும் எடைகளையும் ஸ்பிரிங்கையும் வைத்து வேலை செய்யும். மிதியின் கம்பி நேராகப் பம்புக்குப் போகும், இன்டேக்கில் தட்டே இருக்காது. பீடோர் பக்கம் ஒரு பெசி புரோக் (பழைய இரும்பு) கடையில் 80களின் 240டி ஒன்று உடம்பு துருப்பிடித்துக் கிடந்தது. பம்பையும் மிதிக் கம்பிகளையும் கழற்றி வாங்கிவந்தோம். மாமா சொட்டு எண்ணிப் பார்த்து, பிஸ்டன் மேலே வருவதற்கு 24 டிகிரி முன்பு என்ற கணக்கில் டைமிங் வைத்துக் கொடுத்தார்.

அங்கே நான் செய்த தவறு, பம்பை எடுத்த அதே எஞ்சினிலிருந்து மேனிஃபோல்டை எடுக்காமல் வந்தது. நாங்களே நல்லதாக ஒன்று செய்துகொள்ளலாம் என்ற நினைப்பு. மருமகனும் தாளில் அழகாக வரைந்து வைத்திருந்தான்.

மூன்று அங்குல இரும்புக் குழாயில் நான்கு கிளை, கீழே எஞ்சினோடு பொருந்தும் தட்டையான விளிம்பு, ஃபிளாஞ்ச். பார்க்க லட்சணமாகவே இருந்தது. பிரச்சினை மூன்று பக்கத்திலிருந்தும் வந்தது.

முதலாவது, இந்த எஞ்சினில் இன்டேக்கும், புகை வெளியேறும் எக்சாஸ்டும் எஞ்சின் ஹெட்டின் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. ஒரே வரிசை ஸ்டட்டில், ஒரே தடித்த வாஷர் இரண்டின் ஓரத்தையும் சேர்த்து அமுக்கிப் பிடிக்கும். எக்சாஸ்டின் ஃபிளாஞ்ச் எவ்வளவு தடிமனோ அவ்வளவு இன்டேக்கின் ஃபிளாஞ்சும் இருந்தால்தான் வாஷர் சமமாக உட்காரும். எங்கள் ஃபிளாஞ்ச் அதைவிட மெலிது. வாஷர் சாய்ந்து எக்சாஸ்டை மட்டும் இறுக்கியது. போதாக்குறைக்கு வெல்டின் சூட்டில் ஃபிளாஞ்ச் வாழைப்பழம்போல வளைந்திருந்தது. நேர்விளிம்பை வைத்துப் பார்த்தபோது நடுவில் வெளிச்சம் தெரிந்தது. வெல்டு வைத்து முடித்த பிறகுதான் ஃபிளாஞ்சை மில்லிங் செய்ய வேண்டும். ஆலையில் எத்தனையோ முறை செய்த வேலை. காடியில் செய்யத் தோன்றவில்லை.

இரண்டாவது இடம். நமது நாட்டில் ஸ்டீரிங் வலப்பக்கம். இந்த எஞ்சினின் மேனிஃபோல்டுகளும் வலப்பக்கம். ஸ்டீரிங் தண்டு, பிரேக் பூஸ்டர், இப்போது டர்போ, அதன் எக்சாஸ்ட் குழாய் எல்லாம் ஒரே மூலையில் முட்டிக்கொள்கின்றன. வெளிநாட்டில் இடப்பக்க ஸ்டீரிங் காடியில் யாரோ பெரிய டப்பா வைத்த படத்தைப் பார்த்துவிட்டு நாம் அளவெடுக்க முடியாது. எங்கள் டப்பா பூஸ்டருக்கு ஒரு விரல் இடைவெளியில் நின்றது. எஞ்சின் குலுங்கும்போது தட்டியது.

மூன்றாவது, அவ்வளவு பெரிய டப்பாவால் ஒரு பயனும் இல்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. டர்போ இல்லாத எஞ்சினில் குழாயின் நீளமும் வளைவும் முக்கியம், ஏனென்றால் காற்றைத் தள்ள வேறு ஆள் இல்லை. டர்போ 0.5 பார் அழுத்தத்தில் தள்ளும்போது, 4,200 சுற்றுக்கு மேல் வேலையே இல்லாத எஞ்சினில், கிளைக் குழாயின் அழகு தரும் லாபம் மிகச் சிறியது. பெரிய லாபமும் நட்டமும் வேறு இரண்டு இடத்தில் இருக்கின்றன: கசிவு, சூடு.

சூட்டைக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 33 டிகிரி வெயிலில் உள்ளே போகும் காற்றை ஒன்றரை மடங்கு அழுத்தினால், இந்த மாதிரி டர்போவில் அது ஏறக்குறைய 90 டிகிரிக்குப் போய்விடும். சூடான காற்று விரியும். அதனால் அழுத்தம் ஒன்றரை மடங்கானாலும் சிலிண்டருக்குக் கிடைக்கும் காற்றின் எடை கால் பங்குதான் கூடும். அந்தக் கால் பங்குக்காகத்தான் இத்தனை பாடு. அதிலும் கொஞ்சத்தைக் கேஸ்கட் வழியாக விட்டுவிட்டால் மிஞ்சுவது கறுப்புப் புகைதான்.

எங்களுக்கு மிஞ்சியதும் அதுதான். எக்சாஸ்ட் மேனிஃபோல்டில், டர்போவுக்கு முன்னால், வெப்பம் பார்க்கும் முள் ஒன்றைச் செருகியிருந்தேன். டர்போ போடுகிறவர்கள் டர்போவின் அழுத்தம் காட்டும் பூஸ்ட் மீட்டரைவிட முதலில் வாங்க வேண்டியது இதைத்தான். லாத்தா இஸ்கண்டார் மேட்டில் அது 720 டிகிரியைத் தொட்டது. மெர்சிடிஸ் 1978-இல் 300எஸ்டியில் ஐந்து சிலிண்டர் எஞ்சினுக்கு டர்போ போட்டபோது டர்போவை மட்டும் போடவில்லை. பிஸ்டனின் அடியில் ஆயில் பீய்ச்சும் குழாய்களையும் சேர்த்து வைத்தார்கள். என் எஞ்சினில் அது கிடையாது. அதனால் 650-ஐத் தாண்டக் கூடாது என்று எனக்கு நானே எல்லை வைத்திருந்தேன். 720-ஐப் பார்த்ததும் மிதியைவிட்டு, ரிங்லெட் வரை இரண்டாம் கியரிலேயே ஏறினேன். அப்பா ஏறிய மாதிரியே.

மறுவாரம் பீடோருக்குத் திரும்பிப் போனேன். அந்த மேனிஃபோல்டு இன்னும் எஞ்சினிலேயே இருந்தது. எண்பது ரிங்கிட். தட்டு இல்லாத, இடுப்புச் சிறுக்காத, சாதாரண வார்ப்பு அலுமினியம். ஃபிளாஞ்ச் சரியான தடிமன், மிதிக் கம்பியைத் தாங்கும் காதுகளும் அதிலேயே இருந்தன. என் பழைய மேனிஃபோல்டின் தட்டைக் கழற்றிவிட்டு அதையே வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். முடியும். ஆனால் இடுப்பு சிறுத்தே இருக்கும், தட்டின் அச்சு ஓடிய இரண்டு துளையையும் இழுவிசைக் குழாயின் துளையையும் அடைக்க வேண்டும், மிதிக் கம்பிக்கு வேறு ஏற்பாடு வேண்டும். எண்பது ரிங்கிட்டுக்கு அந்த வேலை தகாது.

லேத் கடைத் தவுக்கே (முதலாளி) அலுமினியத்தில் ஒரு வாய் கடைந்து ஆர்கான் வெல்டு வைத்துக் கொடுத்தார், பிறகு ஃபிளாஞ்சை ஒரே ஓட்டத்தில் சமன் செய்தார். அவரிடம் போகும்போது எக்சாஸ்ட் மேனிஃபோல்டையும் கூடவே கொண்டுபோங்கள். இரண்டையும் ஒரே பலகையில் பிணைத்து, ஒரே தடிமனுக்கு ஒன்றாகச் சீவச் சொல்லுங்கள். எனக்கு மிகவும் உதவிய ஒரே ஆலோசனை இதுதான், சொன்னவரும் அவரே.

உள்பக்கத்தைச் சுத்தம் செய்ய மணல் பீய்ச்சலாமா என்று மருமகன் கேட்டான். வேண்டாம் என்று பிடிவாதமாக மறுத்தேன். வார்ப்பின் மூலைகளில் ஒட்டும் மணல் எத்தனை முறை கழுவினாலும் முழுதாகப் போகாது. பிறகு ஒவ்வொன்றாக உதிர்ந்து சிலிண்டரைத்தான் சுரண்டும். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, தூரிகை போட்டு, காற்றடித்து, வெள்ளைத் துணியை உள்ளே விட்டு இழுத்து, துணி கறுக்காமல் வரும் வரை செய்தோம்.

மாட்டிய பிறகு ஓட்டிப் பார்க்கும் முன் கசிவுச் சோதனை. டர்போவின் வாயை ரப்பர் அடைப்பால் மூடி, அதில் டயர் வால்வு ஒன்றைப் பொருத்தி, 0.7 பார் காற்று விட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவினோம். ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: ஏதோ ஒரு சிலிண்டரின் வால்வு திறந்துதான் இருக்கும், அதன் வழியாகக் காற்று இறங்கி ரிங்கைத் தாண்டி ஆயில் ஊற்றும் மூடியில் மெல்லிய சீறலாகக் கேட்கும். அதைக் கேட்டுப் பயந்து மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டாம். நுரை பொங்கும் இடம்தான் கசிவு.

டர்போவுக்குப் பின்னால் கசிந்தால் காற்றுதான் போகும். டர்போவுக்கு முன்னால், ஃபில்டருக்கும் அதற்கும் நடுவே கசிந்தால் தூசி உள்ளே வரும், நமது தோட்டத்துச் செம்மண் சாலையில் அதுதான் பெரிய ஆபத்து. வெயில் காலத்தில் செம்பனைக் குலை லாரி ஒன்று முன்னால் போனால் போதும். ஃபில்டர் பக்கத்து ஹோஸுக்கும் நல்ல கிளிப்பே போடுங்கள், சாதாரணக் கம்பி கட்டாதீர்கள். எஞ்சினின் மூச்சுக் குழாயும் அந்தப் பக்கமே, ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையில்தான் சேர வேண்டும். தவறி மேனிஃபோல்டு பக்கம் மாட்டிவிட்டால் டர்போவின் அழுத்தம் சம்ப்புக்குள் இறங்கி ஆயில் சீல்களைத் தள்ளிவிடும். பிரேக் பூஸ்டருக்கான இழுவிசையை இந்தக் காடியில் தனி வேக்குவம் பம்பு தருகிறது, அதனால் பிரேக்குக்குப் பாதிப்பில்லை. வேறு காடியென்றால் அது எங்கிருந்து வருகிறது என்று குழாயைத் தொட்டுக்கொண்டே போய்ப் பார்த்துவிட்டுத்தான் கைவைக்க வேண்டும்.

பூஸ்டருக்கும் டர்போவுக்கும் நடுவே மெல்லிய தகடு ஒன்றை இரட்டையாக மடித்து, இடையில் காற்று போக வழிவிட்டு நிறுத்தியிருக்கிறேன். டர்போவிலிருந்து மேனிஃபோல்டுக்கு வரும் வளைவில் சிலிக்கான் ஹோஸ். தண்ணீர்க் குழாய் ரப்பரை அங்கே போட்டால் 90 டிகிரி சூட்டிலும் ஆயில் ஆவியிலும் சில மாதத்தில் உப்பிவிடும். கூடவே பழைய எண்ணெய் ஹோஸ்களையும் மாற்றிவிட்டோம். இப்போது நாம் அடிக்கும் பி10 டீசலில் பத்தில் ஒரு பங்கு செம்பனை எண்ணெயிலிருந்து வருவது, பழைய ரப்பர் அதற்கு ஒத்துப்போகாது. காலையில் எங்கள் ஆலையில் பிழிந்ததில் ஒரு துளி இந்த டேங்கில் இருக்கலாம் என்று நினைத்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

பம்பில் எண்ணெயைக் கூட்டவில்லை. 2024 ஜூன் 10-இல் டீசல் லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35-க்குப் போன பிறகு கூட்டும் ஆசையும் இல்லை. இருக்கிற எண்ணெய் முழுதாக எரிந்தால் போதும் என்று விட்டுவிட்டேன். அதனால் காடி பறக்காது. ஆனால் அதே மேட்டில் முள் 600-க்குக் கீழே நிற்கிறது, கண்ணாடியில் பார்த்தால் பின்னால் புகை இல்லை.

முதல் ஐந்நூறு கிலோமீட்டருக்குப் பிறகு, இரவு முழுக்க ஆறிய எஞ்சினில், எல்லா நட்டையும் நடுவிலிருந்து ஓரத்துக்கு மறுபடி இறுக்கினேன். பதினோரு நட்டில் நான்கு நட்டுகள் கால் சுற்றுக்கு மேல் இறுகின. அடுத்த முறை ஒன்றும் அசையவில்லை. போன சனிக்கிழமை அம்மாவை முன்சீட்டில் உட்காரவைத்து ரிங்லெட் ஏறினேன். அருவியைத் தாண்டிய வளைவில், “மூணுலயா போற?” என்று கியரைப் பார்த்துக் கேட்டார். ஆமாம்மா என்றேன்.